ஒலித்தடையும் சோதனை விமானியும்

நமது ஊவா மலைநாட்டில் வாழ்வோர்க்கு ஒலியின் வேகத்தைப் பற்றிப் பாடம் சொல்ல ஆய்கருவி எதுவும் வேண்டுவதில்லை. பசறைப் பக்கத்திலோ தெமோதரைப் பக்கத்திலோ ஒரு தேயிலை மலையின் விளிம்பில் நின்று, பள்ளத்தாக்கிற்கு அப்பாலுள்ள எதிர்மலையில் ஒருவர் மரம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாற் போதும். கோடரி மரத்திற் பாய்வது முதலிற் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் கோடரியை மீண்டும் ஓங்கிய பின்னரே முதல் வெட்டின் ஓசை நம் செவிக்கு எட்டுகிறது. சிறுவயதில் இதனைக் கண்டு வியவாதார் நம்முள் அரியர்.

ஒளி பாய்ந்து வருகிறது. ஒலி அதன் பின்னே நடந்து வருகிறது. இந்த ஒலியை மனிதன் எவ்வாறு முந்தினான் என்பதையும், ஒலியை முந்தும் விமானமொன்றை நம் அயல்நாடாகிய இந்தியாவில் உருவாக்கும் முயற்சியில் தம் உயிரையே கொடுத்த சுரஞ்சன் தாஸ் என்னும் சோதனை விமானியின் வரலாற்றையும் நம் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பழைய மாணவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

ஒலியின் வேகம்

சுழியம் பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒலி வளியில் ஒரு செக்கனுக்கு 331 மீற்றர் தூரம் செல்லும். வெப்பநிலை ஒவ்வொரு பாகை உயரும்போதும் அவ்வேகம் ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடும். ஹப்புத்தளையில் 15 பாகை நிலவும் ஒரு காலைப்பொழுதில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர். அதே நாள் நண்பகலில், கொஸ்லந்தை வழியாக இறங்கி வெல்லவாயச் சமவெளியை அடைந்து, அங்கே 35 பாகை வெயில் காயுமாயின், ஒலியின் வேகம் செக்கனுக்கு 352 மீற்றர் ஆகும். ஒரே மாகாணத்துள், ஒரே நாளில், ஒலி இரு வேறு வேகங்களிற் செல்கிறது.

மலையின் மேலே வளி ஐதாக இருப்பதனால் ஒலி மெல்லச் செல்கிறது என்று மாணவர் பலர் எண்ணுவதுண்டு. அது பிழை. வளி ஐதாகும்போது அதன் அமுக்கமும் அடர்த்தியும் ஒருசேரக் குறைகின்றன. ஆகையால் ஒன்றின் விளைவை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது. ஒலியின் வேகத்தை மாற்றுவது வளியின் வெப்பநிலையே. தரையிலிருந்து 11 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 56 பாகையளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 295 மீற்றர், அஃதாவது மணித்தியாலத்துக்கு 1,062 கிலோமீற்றர் மட்டுமே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும், பின்னர் பயன்படும்.

மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க ஒரு பரிசோதனையும் உண்டு. எதிரெதிரான இரு மலைச்சரிவுகளில் இரு குழுவினர் நிற்கட்டும். இடைத்தூரத்தை நில அளவைப் படத்திலிருந்து கணித்துக்கொள்ளலாம். ஒரு குழுவினர் தப்பு ஒன்றை ஓங்கி அடிக்கும் அதே கணத்தில், உயர்த்திப் பிடித்த வெள்ளைத் துணியைக் கீழே இறக்கட்டும். மறு குழுவினர் துணி இறங்கியது முதல் ஓசை கேட்பது வரையுள்ள நேரத்தைக் கணிக்கட்டும். இடைத்தூரம் ஒரு கிலோமீற்றராயின் விடை மூன்று செக்கனுக்குச் சற்றுக் குறைவாக வரும். பத்து முறை செய்து சராசரி காண்க. பிறகு இரு குழுவினரும் பணிகளை மாற்றிக்கொண்டு மறுதிசையிலும் செய்க. காற்று வீசும் திசையால் நேரும் பிழை அதனால் நீங்கும்.

ஒலியை அளவாகக் கொண்டு வேகத்தைக் குறிக்கும் முறைக்கு ஒஸ்திரிய நாட்டு அறிஞர் எர்ன்ஸ்ட் மாக் என்பவரின் பெயர் வழங்குகிறது. பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன்னே வளியில் எழும் அதிர்ச்சி அலையை ஒளிப்படமாக எடுத்து 1887ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவர். ஒரு பொருளின் வேகத்தை அவ்விடத்து ஒலியின் வேகத்தால் வகுத்து வரும் எண்ணே மாக் எண். ஒலிக்குச் சமமான வேகம் மாக் 1. அதில் பாதி மாக் 0.5.

தடை என்று கூறியது ஏன்?

நம் மலைப்பாதைகளின் கொண்டை ஊசி வளைவுகளில் லொறிச் சாரதி ஒலிப்பானை அழுத்துகிறார். அவ்வொலி லொறிக்கு முன்னே ஓடி, எதிரே வருவோரை எச்சரிக்கிறது. அவர்கள் ஒதுங்கி வழி விடுகின்றனர். பறக்கும் விமானமும் தன்னையறியாமல் இவ்வாறே செய்கிறது. அதன் மூக்கும் சிறகும் வளியைத் தள்ளும்போது எழும் அமுக்க அலைகள் ஒலியின் வேகத்தில் முன்னே செல்கின்றன. முன்னேயுள்ள வளி அவற்றால் முன்னறிவிப்புப் பெற்று, மெல்ல விலகிச் சிறகின் மேலும் கீழுமாக வழிந்து செல்கிறது.

விமானமே ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் நிகழ்வது என்ன? முன்னறிவிப்பு முன்னே செல்ல இயலாது. அமுக்க அலைகள் விமானத்தின் முன்னே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, மிக மெல்லிய ஒரு படலமாகத் திரள்கின்றன. இதுவே அதிர்ச்சி அலை. வளி இப்பொழுது விலகுவதில்லை. மோதுண்டு, ஒரு கணத்தில் அமுங்கிச் சூடேறுகிறது. இந்த அலை தரையை அடையும்போது வெடி வெடித்தாற்போன்ற ஓசை கேட்கும். மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சுழற்றிச் சொடுக்கும்போது எழும் ஓசையும் இத்தகையதே. சாட்டையின் நுனி ஒரு கணம் ஒலியை முந்திச் செல்வதனாலேயே அவ்வோசை பிறக்கிறது.

ஆயின் ஆபத்து மாக் 1இல் மட்டும் இருப்பதன்று. அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. சிறகின் வளைந்த மேற்புறத்தில் ஓடும் வளி விமானத்தைவிட விரைவாகச் செல்கிறது. எனவே விமானம் ஒலியின் வேகத்தை எட்டாதபோதே, சிறகின் மேல் ஓடும் வளி அவ்வேகத்தைக் கடந்து, அங்கே அதிர்ச்சி அலையைத் தோற்றுவிக்கும். அதன் பின்னே வளி சிறகைவிட்டுப் பிரிந்து சுழல்கிறது. இழுவை திடீரென்று பன்மடங்கு உயர்கிறது. விமானம் நடுங்குகிறது. வாற்பகுதியிலுள்ள உயர்த்திகளை விமானி எவ்வளவு அசைத்தாலும் மூக்கு உயர மறுக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், செங்குத்தாகப் பாய்ந்து இறங்கிய விமானிகள் பலர் இந்நிலையை எதிர்கொண்டனர், மீளாதார் உளர். ஒலித்தடை என்னும் சொல் இவ்வச்சத்திற் பிறந்ததே. 1946ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள், பிரித்தானியச் சோதனை விமானி இளைய ஜெப்ரி டி ஹாவிலண்ட், வாலற்ற டி. எச். 108 விமானத்தை இவ்வேகத்தை நோக்கிச் செலுத்தியபோது அது வானில் சிதறியது; அவர் மாண்டார்.

தடை தாண்டப்பட்ட நாள்

அமெரிக்கர் இதற்கென்றே பெல் எக்ஸ்-1 என்னும் சிறு விமானமொன்றை அமைத்தனர். துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட விரைவாகச் செல்லும்போதும் நிலைகுலையாமல் செல்வதைக் கண்டு, விமானத்தின் உடலைக் குண்டின் வடிவத்தில் அமைத்தனர். றொக்கற் எஞ்சின் அதனை உந்தியது. தரையிலிருந்து எழுந்து எரிபொருளை வீணாக்காமல், பெரிய குண்டுவீச்சு விமானமொன்றின் அடிவயிற்றில் கொண்டுபோய் வானில் விடுவிக்கப்பட்டது.

சக் யேகர் என்னும் இருபத்து நான்கு வயது விமானி அதனை ஓட்டினார். ஒரே பாய்ச்சலில் தடையை உடைத்துவிட எவரும் முனையவில்லை. ஒவ்வொரு பறப்பிலும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இறங்கியபின் கருவிகளின் பதிவுகளைப் படித்து, அதன்பின்னரே அடுத்த பறப்பைத் திட்டமிட்டனர். மாக் 0.94ஐ அண்மியபோது எவரும் அஞ்சியதே நேர்ந்தது, உயர்த்தி செயலிழந்தது. பொறியியலறிஞரான ஜாக் றிட்லி பதிவுகளை ஆராய்ந்து ஒரு வழி கண்டார். உயர்த்தி என்னும் சிறு மடலை மட்டும் அசைப்பதை விடுத்து, கிடையான வாற்சிறகு முழுவதையும் சிறிது சிறிதாகச் சாய்த்தல் வேண்டும் என்பதே அது. அதிர்ச்சி அலை மடலின் ஆற்றலைக் கெடுத்தாலும், முழுச் சிறகின் ஆற்றலைக் கெடுக்க இயலாது. அந்த ஏற்பாடு எக்ஸ்-1இல் முன்னரே இருந்தது. அதனை இவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் அறிவே புதிது.

1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், கலிபோர்னியாப் பாலைவனத்தின் மேலே, ஏறக்குறைய 13,000 மீற்றர் உயரத்தில், யேகர் மாக் 1.06ஐ எட்டினார். இரு நாட்களுக்கு முன் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்புகள் முறிந்திருந்தமையால் அவரால் விமானத்தின் கதவை இழுத்துப் பூட்ட இயலவில்லை. துடைப்பக் கட்டையின் துண்டொன்றை நெம்புகோலாகக் கொண்டு பூட்டும் உபாயத்தையும் றிட்லியே செய்துகொடுத்தார்.

யேகரின் வேகம் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1,127 கிலோமீற்றர். முன்னே கூறிய கணக்கை இங்கே பயன்படுத்துவோம். அவ்வுயரத்தில் ஒலியின் வேகம் 1,062 கிலோமீற்றர். ஆகவே 1,127ஐ 1,062ஆல் வகுக்க 1.06 வரும். அதே வேகத்தில் வெல்லவாயச் சமவெளியின் வெப்பமான வளியில் ஒரு விமானம் பறந்தால், அங்கே ஒலியின் வேகம் ஏறக்குறைய 1,267 கிலோமீற்றராதலின், மாக் எண் 0.89 மட்டுமே. வானின் குளிர், தடையைத் தாழ்த்தி வைத்திருக்கிறது.

சோதனை விமானியின் தொழில்

சோதனை விமானியைத் துணிச்சல்காரர் என்று மட்டும் எண்ணுதல் தகாது. துணிவு அவருக்கு வேண்டியதே. ஆயின் அதனினும் வேண்டியது உண்மையுரைக்கும் பண்பு. புதிய விமானம் எங்கே நடுங்கிற்று, எந்த வேகத்தில் நெம்புகோல் கனத்தது, எப்பொழுது எஞ்சின் தயங்கியது என்பவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் குறித்துவந்து அமைப்பாளரிடம் கூறுதல் அவர் கடமை. அமைத்தவருடைய மனம் நோகுமே என்று ஒரு குறையை மறைப்பாராயின், அவருக்குப் பின் அவ்விமானத்தில் ஏறும் இளைஞர் ஒருவர் அதற்கு விலை கொடுக்க நேரும். வானில் அஞ்சாமையும், தரையில் அதே அளவு நேர்மையும் ஒருவரிடத்தே அமைதல் அருமை. அத்தகையோர் ஒருவரை இனிப் பார்ப்போம்.

பெங்களூரில் எழுந்த மருத்

1940ஆம் ஆண்டில் பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரால், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் தொடங்கப்பட்டது இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. போர்க் காலத்தில் விமானங்களைப் பழுதுபார்த்த அத்தொழிற்சாலையில், 1951ஆம் ஆண்டில், வி. எம். காட்கே என்னும் அறிஞரின் தலைமையில் எச். டி. 2 என்னும் பயிற்சி விமானம் உருவாகிப் பறந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுள், ஒலியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்திற் பறக்கும் போர் விமானமொன்றைத் தாமே அமைப்பதென இந்தியர் துணிந்தனர். விமானத் தொழிலில் நீண்ட பழக்கமுடைய நாடுகளே தயங்கிய காலத்தில், இது பெரிய துணிவு.

இதற்கென 1956ஆம் ஆண்டில் அழைக்கப்பட்டவர் ஜேர்மனிய அறிஞர் குர்ட் டாங்க். போர்க் காலத்தில் புகழ்பெற்ற போர் விமானங்களை அமைத்தவர் அவர். தாம் அமைத்தவற்றைத் தாமே ஏறிப் பறந்து சோதிக்கும் வழக்கமும் உடையவர். அவரும் அவருடன் வந்த ஜேர்மனியரும் இந்தியப் பொறியியலாளரும் சேர்ந்து அமைத்த விமானம் எச். எப். 24. அதற்கு மருத் என்று பெயரிட்டனர். மருத்துக்கள் வேதத்தில் புயற்காற்றின் தேவர்கள். அதன் சிறகுகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. சாய்ந்த சிறகு, அதிர்ச்சி அலையின் தோற்றத்தைப் பிற்படுத்தும் என்பதை ஜேர்மனிய அறிஞர் அடோல்ப் புசெமான் 1935ஆம் ஆண்டிலேயே உரோம் நகர மாநாடொன்றில் எடுத்துக்காட்டியிருந்தார்.

அவசரப்படாமை இங்கும் கைக்கொள்ளப்பட்டது. எஞ்சினுடன் கூடிய விமானத்தை அமைக்குமுன், அதே அளவும் அதே வடிவமும் கொண்ட மரத்தாலான சறுக்கு விமானமொன்றைச் செய்தனர். 1959ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள், டக்கோட்டா விமானமொன்று கயிற்றால் இழுத்துச் செல்ல அது வானேறியது. எண்பத்தாறு முறை அது பறந்தது. புதிய சிறகு மெதுவான வேகத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும், தரையிறங்கும்போது எவ்வாறு சாயும் என்பனவெல்லாம் அம்மரவிமானத்தால் அறியப்பட்டன.

1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், முதலாவது மருத் விமானத்தைப் பெங்களூரில் வானேற்றியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். 1920இல் பிறந்த வங்காளியான அவர், இந்தியாவின் பிரதம நீதியரசராக 1956 முதல் 1959 வரை விளங்கிய சுதி ரஞ்சன் தாஸ் அவர்களின் மைந்தர். இங்கிலாந்தின் சோதனை விமானிகள் பள்ளியில் பயின்ற முதல் இந்திய விமானிகளுள் ஒருவர். தந்தை நீதிமன்றத்திற் சான்றுகளை எடைபோட்டவர். மைந்தரோ வானிற் சான்றுகளைத் தேடிச் சேர்த்தவர். அவர் கையில் மருத் ஒழுங்காகப் பறந்தது. சிறகின் வடிவம் சரியே என்பது உறுதியாயிற்று.

தடை வானில் இருக்கவில்லை

இனி வருவதே இவ்வரலாற்றின் சாரம். மாக் 1ஐ அண்மிக்கும்போது இழுவை பன்மடங்கு உயரும் என்று முன்னே கண்டோம். அந்த மேட்டை ஏறிக் கடப்பதற்கு மிகுந்த உந்துவிசை வேண்டும். பிரித்தானிய பிரிஸ்டல் கம்பனி உருவாக்கிக்கொண்டிருந்த, வலுமிக்க ஓர்பியஸ் எஞ்சின் இரண்டைப் பொருத்துவதாகக் கருதியே டாங்க் மருத்தை அமைத்தார். ஆயின் அந்த எஞ்சினை முற்றுவிப்பதற்கான செலவைப் பொறுப்பார் இல்லாது போயினர். இந்தியாவிடம் பெருந்தொகை கேட்கப்பட்டது. இந்தியா அதற்கு இசையவில்லை. முடிவில், சிறிய நாட் விமானத்துக்கென இந்தியாவில் ஆக்கப்பட்டு வந்த, வலுக்குறைந்த ஓர்பியஸ் எஞ்சின்களையே மருத்தில் பொருத்த நேர்ந்தது.

விளைவு யாது? மாக் 2ஐ நோக்கி அமைக்கப்பட்ட விமானம், நேர்மட்டப் பறப்பில் ஒலியின் வேகத்தை அண்மித்து அங்கே நின்றுவிட்டது. அதன் உடல் ஒலியைக் கடக்க ஆயத்தமாயிருந்தது, உந்துவார் இல்லை. இந்தியர் வேறு வழிகளையும் நாடினர். எகிப்தில் உருவாகிவந்த எஞ்சினொன்றை 1967ஆம் ஆண்டில் மருத் விமானமொன்றிற் பொருத்திப் பறந்து பார்த்தனர். அதே காலத்தில் எகிப்தியரின் எச். ஏ. 300 விமானத்தை, 1964ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், முதன்முதல் வானேற்றியவரும் கபில் பார்கவா என்னும் இந்தியச் சோதனை விமானியே. எனினும் 1969ஆம் ஆண்டில் எகிப்து அம்முயற்சியைக் கைவிட்டது. மருத்துக்கு அந்த வழியும் அடைபட்டது.

எஞ்சியது ஒன்றே. கையிலிருந்த எஞ்சினின் பின்புறத்தில், வெளியேறும் சூடான வாயுவில் மேலும் எரிபொருளைச் செலுத்தி எரித்து, உந்துவிசையைப் பெருக்குதல். இதனைப் பின்னெரிப்பு என்பர். பின்னெரிப்புப் பொருத்திய மருத் ஒன்று பெங்களூரிலேயே உருவாக்கப்பட்டது. அதனைச் சோதிக்கும் பொறுப்பும் சுரஞ்சன் தாஸையே சார்ந்தது. அப்பொழுது அவர் குரூப் கப்டன் பதவியை அடைந்திருந்தார், வயது நாற்பத்தொன்பது. 1970ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அவ்விமானம் வானேறியவுடன் விபத்துக்குள்ளாயிற்று. அவர் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே, மறைவின் பின், இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதை வழங்கியது. பெங்களூரில் இன்றும் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்குகிறது.

மருத் பயனற்றுப் போகவில்லை. 147 விமானங்கள் ஆக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டுப் போரில் அவை பயன்பட்டன. ஓர் எஞ்சின் சேதமுற்றபின்னும் மற்றையதன் துணையால் தளம் திரும்பியவை உண்டு. 1990ஆம் ஆண்டளவில் அவை ஓய்வு பெற்றன. ஆயினும் எந்த நோக்கத்துக்காக அமைக்கப்பட்டதோ அந்த நோக்கத்தை மருத் அடையவில்லை என்பதை மறைத்தல் தகாது. சோதனை விமானியின் வரலாற்றை எழுதுவோர், அவரைப்போலவே குறையையும் கூறுதல் முறை.

முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின்

அதே பெங்களூர் வானில், 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் மற்றொரு விமானத்தை முதன்முதல் வானேற்றினார். கோட்டா ஹரிநாராயணாவின் தலைமையில் அமைக்கப்பட்ட அவ்விமானத்துக்குப் பின்னர் தேஜஸ் என்று பெயரிட்டனர். இங்கும் அவசரம் இல்லை. முதற் பறப்பிலிருந்து இரண்டரை ஆண்டுகள் படிப்படியாக வேகத்தை உயர்த்தி, 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள், அவ்விமானம் ஒலியின் வேகத்தைக் கடந்தது. சுரஞ்சன் தாஸ் மாண்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன. காற்றின் பெயர் தாங்கிய விமானம் நின்ற இடத்தை, ஒளியின் பெயர் தாங்கிய விமானம் தாண்டியது. 2018ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள சூலூர்த் தளத்திலிருந்தும் தேஜஸ் பறந்து வருகிறது.

எனினும் எஞ்சின் என்னும் பழைய வினா முற்றாகத் தீரவில்லை. 2003இல் தேஜஸை உந்தியது அமெரிக்க எஞ்சின். நாட்டிலேயே எஞ்சின் செய்யும் நோக்குடன் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்துக்குக் காவேரி என்று நம் இலக்கியத்திற்கு நெருங்கிய பெயரையே சூட்டியிருந்தனர். எதிர்பார்த்த உந்துவிசையை அது எட்டாமையால், 2008ஆம் ஆண்டில் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. ஒரு விமானத்தின் உடலை அமைப்பதினும் அதன் எஞ்சினை அமைத்தல் கடினம். எஞ்சினின் உள்ளே சுழலும் அலகுகள், தம்மைச் சூழ்ந்த வாயு உலோகத்தை உருக்கவல்ல சூட்டில் இருக்கும்போதும் உருகாமலும் நீளாமலும் நிற்றல் வேண்டும். அதற்கான உலோகக் கலவையையும் வார்ப்பு முறையையும் அறிந்த நாடுகள் மிகச் சில. அறிந்தவையும் பிறருக்கு எளிதிற் சொல்லிக்கொடுப்பதில்லை.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து மாணவர் கொள்ளத்தக்கது யாது? துணிந்தால் எதனையும் வெல்லலாம் என்று கூறி முடித்துவிடுதல் எளிது. ஆயின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. சுரஞ்சன் தாஸிடம் துணிவு குறைவாயிருந்ததா? பயிற்சி குறைவாயிருந்ததா? மருத்தின் வடிவிற் பிழை இருந்ததா? இல்லை. எல்லாம் இருந்தும், உந்தும் பொறி ஒன்று கிடைக்கவில்லை. அதனைத் தருவது விமானியின் கையில் இருக்கவில்லை. தரையில் இருந்தோர் கையிலேயே இருந்தது. யேகரின் வெற்றிக்குப் பின்னாலும் தரையில் ஒரு றிட்லி இருந்தார் என்பதை மறத்தலாகாது.

பழைய மாணவர்க்கு ஒரு செய்தி உண்டு என்று தொடக்கத்தில் கூறினோம். அது இதுவே. நம் ஊவாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து மலைப்பாதைகளில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடம் அறிவுக்குக் குறைவில்லை. எதிர்மலைக் கோடரியின் ஓசை பிந்தி வருவது ஏன் என்று கேட்கும் ஆவலை அவர்களிடம் காண்கிறோம். விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர் மலையகப் பாடசாலைகளில் போதிய அளவில் இல்லை என்பதும், ஆய்கூட வசதி அரிது என்பதும் நெடுங்காலக் குறைகள். க. பொ. த. உயர்தரத்தில் விஞ்ஞானம் பயில விரும்பும் பிள்ளை, அருகே அதற்கு இடமின்றி வேறு துறையை நாடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அப்பிள்ளையைப் பார்த்து முயற்சி போதாது என்று கூறுதல், எஞ்சினைக் கொடாமல் மருத்தைக் குறை கூறுவதை ஒக்கும்.

பொறியியலாளராகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் பல நாடுகளிற் பணிபுரியும் பழைய மாணவர் நமக்கு உளர். மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் வந்து ஒரு வகுப்பு நடத்தலாம். வர இயலாதோர் ஆய்கூடத்துக்கு ஒரு கருவி வாங்கித் தரலாம். அதுவும் இயலாதோர், ஒரு பிள்ளை உயர்தரம் முடிக்கும்வரை அதன் போக்குவரத்துச் செலவை ஏற்கலாம். இவை சிறியனவாகத் தோன்றலாம். மாக் 1இன் அண்மையில் நிற்கும் விமானத்துக்கு இன்னும் சிறிது உந்துவிசையே வேண்டியிருந்தது என்பதை நினைக்க.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இவ்விழா மலரைப் படித்து முடித்தபின் தப்பு ஒன்றும், ஒரு வெள்ளைத் துணியும், நிறுத்தற் கடிகாரமும் எடுத்துக்கொண்டு எதிரெதிர் மலைகளுக்குச் செல்லுங்கள். மேலே கூறிய பரிசோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் விடை நூலில் உள்ள எண்ணோடு ஒவ்வாமற் போகலாம். அப்பொழுது எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். பிழை எங்கே நேர்ந்தது என்று தேடுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதும் அந்த நேர்மையே சோதனை விமானிக்குரிய முதற் பயிற்சி. பதுளையின் மலைச்சரிவில் அதனைத் தொடங்குவதற்கு யாதொரு தடையும் இல்லை.